நுண்ணுறைக்குள் கரி அடைத்துப் புற்றுநோயாக்கிகளைப் பிடித்தல்: வெறும் மணியும் சாயத்தை இழுப்பது ஏன்?

கேள்வி: முறிகண்டி ரீச்சர்

வணக்கம். உயர்தர உயிர்முறைமைத் தொழினுட்பவியல் மாணவர்களின் குழுச் செயற்றிட்டம் ஒன்றுக்கு விளக்கம் தேவை. பங்கூடுபுகவிடும் (சிறிய மூலக்கூறுகளை மட்டும் உள்ளே விடும்) மென்சவ்வுள்ள நுண்ணுறைகளுக்குள் ஏவப்பட்ட காபனை, அதாவது நுண்துளைகள் நிறைந்த கரியை, அடைத்துப் புற்றுநோயாக்கிகளைப் பிடிக்கலாம் என்பதை ஒரு மாதிரியாகச் செய்து காட்ட வேண்டும். கச்சானில் (நிலக்கடலையில்) பூசணத்தால் வரும் அஃபிளாரொக்சின் என்ற நஞ்சைத்தான் பிள்ளைகள் மனதில் வைத்திருக்கிறார்கள். முல்லைத்தீவுப் பக்கம் கச்சான் போடுகிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள் கனபேர்.

முறை இது: கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசையான சோடியம் அல்ஜினேற்றின் 2% கரைசலில் 2% கரித்தூள் கலந்து, சிறிஞ்சால் கல்சியம் குளோரைட்டுக் கரைசலுக்குள் சொட்டுச் சொட்டாக விடுவது. சோதனைக்கு மெதிலீன் நீலம் என்ற சாயம்.

சிக்கல்கள்: கிணற்று நீரில் அல்ஜினேற்றுக் கட்டி கட்டியாகத் திரள்கிறது. மணிகள் வால் வைத்து விழுகின்றன. குடலைப் போல இருக்கட்டும் என்று பிஎச் 7.4 பொசுபேற்றுத் தாங்கற்கரைசலில் போட்டால் மணி கரைந்து கரி வெளியே வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய குழப்பம், கரி போடாத வெறும் மணியும் மெதிலீன் நீலத்தை நன்றாக இழுக்கிறது. அப்படியென்றால் கரி என்ன செய்கிறது?

கையில் உள்ளவை: இலத்திரனியல் தராசு, காந்தக் கலக்கி, வடிப்பான்களுள்ள பழைய நிறமானி, பிஎச் தாள். இதே மணிகளைக் கச்சான் எண்ணெய்க்குள் போட்டால் வேலை செய்யுமா என்பதும் பிள்ளைகளின் கேள்வி.

பதில்: சிரட்டைக்கரி

ரீச்சர், முதல்ல தண்ணியை மாத்துங்கோ. எங்கட கிணறுகள் கனக்க வன்னீர். லீற்றருக்கு 300 மி.கி. வன்மை இருந்தால் அதில கிட்டத்தட்ட 3 மில்லிமூல் வரை கல்சியம் இருக்கலாம். அல்ஜினேற்று கல்சியத்தைக் கண்ட இடத்திலேயே இறுகும். தூளின்ர வெளிப்பக்கம் இறுகி உள்ளுக்குத் தண்ணி போகாமல் நிக்கிறதுதான் நீங்கள் பாக்கிற கட்டி. காய்ச்சி வடித்த நீர் இல்லாட்டில் ஆர்ஓ (தண்ணி சுத்திகரிக்கிற) நிலையத்துத் தண்ணி எடுங்கோ, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில ஒண்டு இருக்கும். ஓட்டுக்கூரையிலயிருந்து நேரே பிடிச்ச மழைத்தண்ணியும் சரி, சீமெந்துத் தொட்டியில நிண்டதாக இருக்கக்கூடாது.

100 மி.லீ. தண்ணியைக் காந்தக் கலக்கியில சுழலவிட்டு, 2 கிராம் அல்ஜினேற்றைச் சிட்டிகை சிட்டிகையாகச் சுழலின்ர ஓரத்தில தூவுங்கோ. ஒரேயடியாகக் கொட்டினால் நல்ல தண்ணியிலயும் கட்டிதான். கரைஞ்ச பிறகு மூடி ஒரு இரவு விடுங்கோ, காற்றுக்குமிழ் எல்லாம் மேல போகும். குமிழ் இருந்தால் மணி மிதக்கும்.

கரிதான் அடுத்த விசயம். அடுப்புச் சிரட்டைக் கரியை இடிச்சுப் போடாதேங்கோ. அது ஏவப்பட்ட காபன் இல்லை. நீராவியில உயர் வெப்பநிலையில ஏவினால்தான் உள்ளுக்குள்ள நுண்துளை திறக்கும். அதோட அரைகுறையாக எரிஞ்ச கரியில தார் மிச்சம் இருக்கும், அந்தத் தாருக்குள்ளதான் பென்சோபைரீன் போன்ற புற்றுநோயாக்கிகள் இருக்கு. பிடிக்க வந்த பொருளைக் கரியே கொண்டுவந்து போட்டமாதிரி ஆகிவிடும். இலங்கையில சிரட்டையிலயிருந்து செய்த ஏவப்பட்ட காபன் தாராளமாகக் கிடைக்கும், தண்ணி வடிகட்டி விக்கிற கடையிலயும் வாங்கலாம். குறுணியாக இருந்தால் அரைச்சு, 75 மைக்ரோன் அரிதட்டில அரிச்சு எடுங்கோ. அரிதட்டு இல்லாட்டில் நைலோன் துணி ரெண்டு மடிப்பு. பெரிய துணிக்கை ஊசியை அடைக்கும்.

கரிச் சாம்பலிலயும் கல்சியம் இருக்கு. அதால 1% ஐதரோகுளோரிக்கமிலத்தில அரை மணித்தியாலம் ஊறவைச்சு, பிஎச் தாள் நடுநிலை காட்டுமட்டும் கழுவுங்கோ. பிறகு காய்ச்சி வடித்த நீரில 10 நிமிசம் கொதிக்க வையுங்கோ. துளைக்குள்ள இருக்கிற காற்று வெளியேறும். இதைச் செய்யாட்டில் மணி மிதக்கும், கரியும் அல்ஜினேற்றில சேராமல் மேல படரும். ஈரக்கரியாகவே கலவுங்கோ, உலர்நிறையில 2 கிராம் வாற அளவு.

கல்சியம் குளோரைட்டு 0.1 மூலர்: போத்தல்ல இருநீர் வகை எண்டு இருந்தால் லீற்றருக்கு 14.7 கிராம், நீரற்றது எண்டால் 11.1 கிராம். ஈரத்தை இழுக்கிற உப்பு, மாரி காலத்தில தராசில வைக்க வைக்கவே நிறை கூடும். கெதியாக நிறுத்து மூடுங்கோ.

வால் வாறது சொட்டு உருண்டையாக நேரம் கிடைக்காததால. ஊசிமுனைக்கும் கரைசலுக்கும் இடையில 6 முதல் 10 செ.மீ. விடுங்கோ. கூட உயர்த்தினால் தட்டையாகும். கரைசல்ல ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவுற திரவம் விட்டால் மேற்பரப்பு இழுவிசை குறைஞ்சு சொட்டு சுகமாக உள்ளுக்குப் போகும். கலக்கி மெதுவாகச் சுழலட்டும். மணிகள் அரை மணித்தியாலம் கிடக்கட்டும், பிறகு மூண்டு தரம் அலசுங்கோ. சேமிக்கிறது லீற்றருக்கு 1.5 கிராம் கல்சியம் குளோரைட்டு உள்ள தண்ணியில, குளிர்சாதனப் பெட்டியின்ர கீழ்த்தட்டில. உறையவிட்டால் வெடிக்கும், காயவிட்டால் சுருங்கி பிறகு பழைய அளவுக்கு ஊறாது.

இன்னொண்டு. 27ஆம் நம்பர் ஊசியால தானாக விழுற சொட்டு ஏறக்குறைய 2.5 மி.மீ. வரும். அது மணி, நுண்ணுறை இல்லை. மீன்தொட்டிக் காற்றுப் பம்பியின்ர ரியூப்பை ஊசியைச் சுத்திவரப் பொருத்தி, காற்று ஊசி நெடுகக் கீழே அடிக்கிறமாதிரிச் செய்தால் சொட்டு சிறுசிலேயே பிடுங்குப்படும். 1 மி.மீ. அளவுக்கு இறக்கலாம். அதுக்கும் சிறுசு வேணுமெண்டால் எண்ணெய் முறைதான்: 50 மி.லீ. அல்ஜினேற்றுக் கரிக் கலவைக்குள்ள 0.25 கிராம் மெல்லிய கல்சியம் காபனேற்றுத் தூள், அதை 2 மி.லீ. ஸ்பான் 80 (எண்ணெயும் தண்ணியும் பிரியாமல் வைக்கிற பொருள்) கலந்த 200 மி.லீ. தேங்காயெண்ணெய்க்குள்ள ஊற்றி நிமிசத்துக்கு 400 சுற்றில 15 நிமிசம் கலக்கி, பிறகு 20 மி.லீ. எண்ணெயில 0.4 மி.லீ. செறிந்த அசற்றிக்கமிலம் விட்டுச் சேருங்கோ. அமிலம் காபனேற்றைக் கரைச்சு உள்ளுக்குள்ளயே கல்சியத்தை விடும். 10 நிமிசத்தால கல்சியம் குளோரைட்டுக் கரைசல்ல ஊற்றினால் உறைகள் கீழ தண்ணிக்கு வரும். ருவீன் 80 எண்ட, எண்ணெயைக் கழுவிற பொருளின்ர ஒரு வீதக் கரைசலால எண்ணெயைக் கழுவுங்கோ.

பதில்: அறிவியல்நகர்

மேலே சொன்ன செய்முறை சரி. ஆனால் வெறும் மணியும் சாயத்தை இழுப்பது ஏன் என்ற ரீச்சரின் கேள்விதான் இந்தச் செயற்றிட்டத்தின் உயிர்நாடி, அதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்.

அல்ஜினேற்றுச் சங்கிலி முழுக்கக் காபொட்சிலேற்றுக் கூட்டங்கள், எதிரேற்றம் கொண்டவை. மெதிலீன் நீலம் நேரேற்றம் கொண்ட சாயம். ஆகவே வெறும் மணி சாயத்தைப் பிடிப்பது அயன் கவர்ச்சியால். அதற்கும் கரிக்கும் தொடர்பில்லை, புற்றுநோயாக்கிக்கும் தொடர்பில்லை. அஃபிளாரொக்சினில் ஏற்றமே கிடையாது, பென்சோபைரீனிலும் கிடையாது. மெதிலீன் நீலத்தை வைத்து அவற்றைப் பற்றி ஒரு முடிவும் எடுக்க முடியாது.

பாடசாலைக்கு ஏற்ற பதிலி ரைபோபிளேவின், அதாவது விற்றமின் பி2. மூன்று வளையங்கள் ஒட்டிய தட்டையான பகுதி உண்டு, நடுநிலைக் கரைசலில் ஏற்றமில்லை, மூலக்கூற்றுத்திணிவு 376. அஃபிளாரொக்சின் பி1 312, பென்சோபைரீன் 252. பருமனில் கிட்டத்தட்ட ஒரே வகுப்பு. மருந்துக்கடையில் வாங்கலாம், நஞ்சில்லை, மஞ்சள் நிறம் கண்ணுக்கே தெரியும், காசுத்தாள் பார்க்கும் ஊதா விளக்கில் பச்சைமஞ்சளாக ஒளிரும். 10 மி.கி. மாத்திரையை ஒரு லீற்றரில் கரைத்து வடிதாளால் வடித்தால் போதும், நிரப்பிப் பொருள்கள் தாளில் நின்றுவிடும். உறிஞ்சலின் உச்சம் 445 நானோமீற்றர், எனவே நிறமானியில் நீல வடிப்பானைப் போடுங்கள். ஒன்றை மறக்கக்கூடாது: ரைபோபிளேவின் வெளிச்சத்தில் சிதையும். நம்மூர் வெயில் விழும் யன்னலோரத்தில் வைத்தால் கரியே இல்லாமல் நிறம் போய்விடும். முகவைகளை அலுமினியத் தாளால் சுற்றுங்கள்.

நான்கு முகவைகள் வையுங்கள், ஒவ்வொன்றிலும் 100 மி.லீ. சாயக்கரைசல். ஒன்றில் எதுவும் இல்லை. இரண்டாவதில் 2 கிராம் வெறும் மணி. மூன்றாவதில் 2 கிராம் கரிமணி. நான்காவதில் அந்தக் கரிமணியில் இருக்கும் அளவு கரி, ஏறத்தாழ 40 மி.கி., உறையில்லாமல். 5, 15, 30, 60, 120 நிமிடங்களில் வாசியுங்கள். கரிமணியின் இழப்பிலிருந்து வெறும் மணியின் இழப்பைக் கழித்தால் வருவதே கரியின் வேலை.

மணியின் அளவை அள்ளிப் போடக்கூடாது. மணியின் நிறையில் 95 வீதம் வெறும் நீர். 20 கிராம் மணியை 100 மி.லீ. கரைசலில் போட்டால் சாயம் ஏறத்தாழ 119 மி.லீ. நீருக்குள் பரவுகிறது. செறிவு 84 வீதமாக இறங்கிவிடும், ஒரு மூலக்கூறுகூடப் பிடிபடாமலே. இதைப் புறத்துறிஞ்சல் (மேற்பரப்பில் ஒட்டிப் பிடித்தல்) என்று எழுதும் அறிக்கைகள் நிறைய.

பருமன் ஏன் முக்கியம் என்பதையும் பிள்ளைகள் கணக்காகவே காட்டலாம். சிறு மூலக்கூறு ஜெல்லுக்குள் பரவும் குணகம் செக்கனுக்கு 5 × 10⁻¹⁰ சதுர மீற்றர் என்று எடுங்கள். ஆரையின் வர்க்கத்தை அதனால் வகுத்தால் நடுவரை போய்ச்சேரும் நேரத்தின் பருமட்டான அளவு கிடைக்கும். 1.1 மி.மீ. ஆரைக்கு 40 நிமிடம். 0.15 மி.மீ. ஆரைக்கு 45 செக்கன். கரி வழியில் பிடித்துப் பிடித்து வைப்பதால் உண்மையில் இதைவிடக் கூடும்.

இனி மென்சவ்வு. மீன்பிடிக்கிற பறியில் ஈர்க்கு இடைவெளி எப்படியோ, மென்சவ்வின் துளை அப்படி: எதை உள்ளே விடுவது என்பதை மட்டும் அது தீர்மானிக்கிறது. உள்ளே வந்ததைப் பிடித்து வைப்பது உள்ளிருக்கும் பொருள். இந்த இரண்டையும் குழப்பினால் செயற்றிட்டம் முழுவதும் குழம்பும். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரி.எம்.எஸ். சாங் 1957இல் தொடங்கிய வேலை இதுதான். நைலோன், கொலோடியன் சவ்வுகளுக்குள் நொதியத்தை அடைத்தார், பின்னர் கரியை அடைத்துக் குருதியிலிருந்து நச்சை எடுத்தார். உறையில்லாத கரி குருதிச் சிறுதட்டுகளைச் சிதைக்கும், நுண்துகளையும் உதிர்க்கும். உறை அதைத் தடுத்தது. 1980களில் லியோனிலுள்ள சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தில் பொலிஎதிலீன்இமின் என்ற பல்பகுதிய உறைகளுக்குள் மக்னற்றைற்றையும் (காந்தம் இழுக்கும் இரும்பொட்சைட்டு) சேர்த்து எலிகளுக்குக் கொடுத்து, மலத்திலிருந்து காந்தத்தால் மீட்டெடுத்து, குடலுக்குள் என்னென்ன புற்றுநோயாக்கிகள் நடமாடுகின்றன என்று பார்த்தார்கள். அங்கே நுண்ணுறை ஒரு மாதிரியெடுக்கும் கருவி. தின்றால் புற்றுநோய் வராது என்ற மருந்தாக அதைப் பிள்ளைகள் எழுதக்கூடாது.

பிடிக்கும் பொருள் இலக்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பொலிஎதிலீன்இமினில் உள்ள அமின் கூட்டங்கள் இலத்திரன்நாடிகளோடு (இலத்திரனைத் தேடிப் பிணையும் மூலக்கூறுகளோடு) பிணைப்பு உண்டாக்கும். அஃபிளாரொக்சின் பி1 உண்ணும் நிலையில் இலத்திரன்நாடி அல்ல, ஈரலில் 8,9-எப்பொட்சைட்டாக மாறிய பிறகுதான் டிஎன்ஏயைத் தாக்குகிறது. பென்சோபைரீனும் அப்படியே. ஆகவே உணவில் இருக்கும்போதே இவற்றைப் பிடிக்க அமின் உதவாது, தட்டையான வளையங்களைப் பற்றும் பொருள் வேண்டும். கரி அதைச் செய்யும். 1983இல் யப்பானில் ஹயாற்சு குழுவினர் செப்புத் தலோசயனின் சாயத்தைப் பஞ்சில் பிணைத்துச் செய்த நீலப்பஞ்சும் செய்யும். மூன்றும் அதற்கு மேலும் ஒட்டிய வளையங்கள் உள்ளவற்றை அது தேர்ந்து பற்றும், கருகிய இறைச்சி, மீனில் வரும் பல்வளைய அமின்கள் அதில் அடக்கம். நைத்திரசோஇருமெதைலமின் என்ற புற்றுநோயாக்கி வேறு கதை: மூலக்கூற்றுத்திணிவு 74, வளையமே இல்லை, நீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். கரி அதை மிக மோசமாகவே பிடிக்கும்.

பொசுபேற்றில் கரைவது எதிர்பார்க்க வேண்டியதே. பொசுபேற்று கல்சியத்தைப் பறித்துவிடுகிறது. தாங்கற்கரைசல் தேவையென்றால் பொசுபேற்று இல்லாத திரிஸ் தாங்கற்கரைசலை எடுங்கள். மணியை வலுப்படுத்த, இறால் கோதிலிருந்து எடுக்கும் கைற்றோசானால் பூச்சு: 1% அசற்றிக்கமிலத்தில் 0.4% கைற்றோசான், பிஎச் 5.5க்குச் சோடியம் ஐதரொட்சைட்டால் உயர்த்தி, 1.5% கல்சியம் குளோரைட்டும் சேர்த்து, 100 மி.லீ.க்கு 20 கிராம் மணி, 30 நிமிடம். பிஎச் 6.5ஐத் தாண்டினால் கைற்றோசான் வெண்மையாக வீழ்படிவாகும். அலசிய பின் 0.1% அல்ஜினேற்றில் 5 நிமிடம், இல்லாவிட்டால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும்.

சவ்வு உண்மையில் பங்கூடுபுகவிடுகிறதா என்று காட்டுவது எளிது. கரிக்குப் பதில் 1% கரையும் மாப்பொருளை அடைத்த மணியை ஐதான அயடீனில் போடுங்கள். மணி கருநீலமாகும், வெளிக்கரைசல் பழுப்பாகவே நிற்கும். சிறிய அயடீன் உள்ளே போகிறது, பெரிய மாப்பொருள் வெளியே வரவில்லை. வெளியும் நீலமாகினால் சவ்வில் ஓட்டை.

சவ்வின் பயனைக் காட்ட ரைபோபிளேவின் கரைசலில் 0.5% ஜெலற்றின் சேர்த்து மூன்றாம் நான்காம் முகவைகளை மீண்டும் ஓட்டுங்கள். வெறும் கரியின் மேல் புரதம் படிந்து துளைவாய்களை அடைக்கும், உறைக்குள் இருக்கும் கரி அவ்வளவு பாதிக்கப்படக்கூடாது. முட்டை வெள்ளைக்கரு வேண்டாம், அதில் ரைபோபிளேவினைப் பிணைக்கும் புரதமே இருக்கிறது.

பதில்: கச்சான்காடு

எண்ணெய்க் கேள்விக்கு: வேலை செய்யாது. மணியின் உள் நீர், வெளி எண்ணெய். மூலக்கூறு எண்ணெயிலிருந்து நீருக்குள் இறங்கித்தான் கரியை அடைய வேண்டும், எண்ணெயோ கரியின் மேல் தானும் போட்டியிடும். அதைவிட, செக்கில் ஆட்டும்போது அஃபிளாரொக்சினின் பெரும்பங்கு பிண்ணாக்கோடு போகிறது. அந்தப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் பாலில் அஃபிளாரொக்சின் எம்1 (மாட்டின் உடலில் பி1 மாறி வரும் வடிவம்) வரும். எண்ணெயை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

கொதிக்கவைத்தாலோ வறுத்தாலோ போகும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. கொதிநீர் அதை அசைக்காது, வறுத்தால் ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரே உண்ணும் கச்சானுக்கு மொத்த அஃபிளாரொக்சின் எல்லை கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். கண்ணால் பார்க்கும் அளவல்ல.

வயலில் தடுப்பதுதான் பலன் தரும். பிடுங்கிய செடியைக் காய் மேலே இருக்கும்படி கவிழ்த்து வெயிலில் விடுங்கள். ஈரக்காயைச் சாக்கில் கட்டி அடுக்கினால் இரண்டொரு நாளில் பூசணம் தொடங்கும். வெறும் நிலத்தில் பரப்பாமல் படங்கு விரியுங்கள், பின்னேரம் பனிக்கு முன் மூடுங்கள். பருப்பின் ஈரம் 8 வீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலக்கும், விரலால் தேய்த்தால் செந்தோல் கழலும். நிறம் மாறியது, சுருங்கியது, உடைந்தது, முளைவிட்டது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். மாசு ஒரு சில பருப்புகளில்தான் செறிந்திருக்கும், ஆகவே கைத்தெரிவு பெரிய அளவில் குறைக்கும். பொறுக்கியதைக் கோழிக்குப் போட வேண்டாம், கோழிக்குஞ்சுக்கும் இது கெடுதி, தாராக்குஞ்சு இதற்கு மிகவும் நொய்மையானது.

பூசணம் பிடித்த கச்சானைப் பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் அரைப்பதை ஒருபோதும் அனுமதிக்க வேண்டாம், ரீச்சர். தூசி மூச்சில் போகும்.

முறிகண்டி ரீச்சர்

மிக்க நன்றி. ரைபோபிளேவினுக்கு மாறுகிறோம், எண்ணெயை விட்டுவிடுகிறோம். இரண்டு சிறு கேள்விகள். கைற்றோசானை இறால் கோதிலிருந்து பிள்ளைகளே எடுக்கலாமா? மக்னற்றைற்றுச் சேர்த்துக் காந்தத்தால் மீட்பதைக் காட்ட முடியுமா?

பதில்: நந்திக்கடல்

கைற்றோசானை வாங்குங்கோ. கோதில் உள்ள சுண்ணாம்பை அமிலத்தால் எடுப்பதும் புரதத்தை ஐதான காரத்தால் எடுப்பதும் சரி, கடைசியில் 40 முதல் 50 வீதச் சோடியம் ஐதரொட்சைட்டில் 100 பாகைக்கு மேல் மணிக்கணக்காகச் சூடாக்க வேண்டும். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வை போகும். பாடசாலையில் செய்யும் வேலையில்லை.

மக்னற்றைற்றுச் செய்யலாம். காய்ச்சி வடித்த நீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிடுங்கோ, கரைந்த ஒட்சிசன் போகட்டும். 100 மி.லீ.யில் 5.4 கிராம் அறுநீர் பெரிக்குக் குளோரைட்டு, 2.8 கிராம் ஏழுநீர் பெரசுச் சல்பேற்று. பெரசுச் சல்பேற்றுப் பளிங்கு பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் இரும்பு ஒட்சியேறிவிட்டது, விகிதம் பிழைத்துக் காந்தத்துக்கு வராத பழுப்புச் சேறுதான் கிடைக்கும். 70 பாகையில் கலக்கியபடி ஐதான அமோனியாவைச் சிறுகச் சிறுக, பிஎச் 10 வரை. உடனே கறுக்கும். யன்னல்களைத் திறந்து வையுங்கோ. விளைவு 2.3 கிராமுக்குக் கிட்ட. காந்தக் கலக்கியில் கலக்க வேண்டாம், துணிக்கை எல்லாம் கலக்கிக் கோலில் ஒட்டிவிடும், கண்ணாடிக் கோல் போதும்.

முகவையின் அடியில் காந்தத்தைப் பிடித்தபடி நீரை ஊற்றி ஊற்றிக் கழுவுங்கோ, பிஎச் 7 வருமட்டும். பெரிக்கு அயன் மிஞ்சினால் அதுவும் கல்சியம் போல அல்ஜினேற்றை இறுக்கும், சிறிஞ்சுக்குள்ளேயே கட்டியாகும். 100 மி.லீ. அல்ஜினேற்றுக்கு அரை கிராம் மக்னற்றைற்று ஈரமாகவே சேர்த்தால் போதும். ஸ்பீக்கர்க் காந்தத்தை விடப் பழைய கணினி வன்தட்டிலிருந்து கழற்றும் காந்தம் நல்ல வலு.

காட்டுவதற்கு இப்படிச் செய்யுங்கோ: வேகவைத்துக் கரைத்த குரக்கன் கூழில் ரைபோபிளேவினும் காந்த மணிகளும் போட்டு இரண்டு மணித்தியாலம் இருளில் கலக்கி, முகவையின் வெளிப்பக்கம் காந்தத்தை வைத்துக் கூழை ஊற்றிவிடுங்கோ. மணிகள் கண்ணாடியோடு நிற்கும். அலசி எடுத்து 50% எதனோலில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு ஊதா விளக்கில் பாருங்கோ, பிடித்தது கொஞ்சம் திரும்பி வெளிவந்து ஒளிரும். கரி முழுதையும் விடாது, ஆகவே இதை அளவீடாக எழுதாமல் பண்பறிதலாக மட்டும் எழுதச் சொல்லுங்கோ. கழிவு மணிகளைச் சிங்கில் கொட்டாதேங்கோ, குழாய் வளைவில் அடைக்கும். வடித்துக் காயவைத்துக் குப்பையில் போடலாம். யாரும் வாயில் போட்டுப் பார்க்கவும் கூடாது. உறைக்குள் இருக்கும் கரிக்கு மருந்தும் நஞ்சும் ஒன்றுதான், பித்தவமிலங்களும் மாத்திரை மருந்துகளும் அதே துளையால் உள்ளே போய் ஒட்டும்.